நம்மைத் தரம் பார்க்கிறார்கள்; நாம் யாரைத் தரம் பார்க்கிறோம்?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகிகள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



இன்றைக்கு நாங்கள் பேச எடுத்துக்கொண்ட விஷயம், நமக்குப் பண விஷயத்தில் யோசனை சொல்ல வருகிறவர்களுக்கு என்ன தகுதி வேண்டும், என்ன சான்று வேண்டும் என்பது. "இதெல்லாம் டவுன்ல இருக்கிறவங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று சிலர் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கடைசியில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறோம். அதற்கு உங்கள் எல்லோருடைய சம்மதமும் வேண்டும்.

முதலில் ஒன்றை நினைத்துப் பாருங்கள். நம் குழுவுக்கு முதன்முதலில் வங்கிக் கடன் வந்தபோது என்ன நடந்தது? சும்மா கொடுத்தார்களா? வங்கியிலிருந்து வந்து நம்மைத் தரம் பிரித்தார்கள். தீர்மானப் புத்தகத்தைக் காட்டு என்றார்கள். கூட்டம் தவறாமல் நடக்கிறதா, சேமிப்பு தவறாமல் கட்டுகிறார்களா, உள்கடன் கொடுக்கிறார்களா, கடன் ஒழுங்காகத் திரும்புகிறதா, கணக்கு சரியாக எழுதுகிறார்களா என்று ஐந்தையும் பார்த்தார்கள். கையெழுத்து விட்டுப்போன பக்கத்தைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நமக்குக் கோபம் வந்ததா? இல்லை. பணம் கொடுக்கிறவர் பார்க்கத்தானே செய்வார் என்று ஒத்துக்கொண்டோம்.

சரி. இப்போது நாம் பணம் கொடுக்கும் இடத்துக்கு வருவோம். பைக்கில் ஒருவர் வருகிறார். சட்டைப் பையில் பேனா, கையில் பை. "அக்கா, நல்ல திட்டம் ஒண்ணு இருக்கு" என்கிறார். நாம் என்ன பார்க்கிறோம்? யார் வீட்டுப் பிள்ளை, யாருக்குச் சொந்தம், பேச்சு நல்லா இருக்கா, அவ்வளவுதான். வங்கி நம்மைப் பார்த்ததில் பத்தில் ஒரு பங்காவது அவரை நாம் பார்க்கிறோமா?

நாங்களும் பார்க்கவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

2012-ஆம் வருடம் நம் கூட்டமைப்பில் நடந்தது இது. சம்பந்தப்பட்ட அக்காவிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். கம்பெனி பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். உறுப்பினர் ஒருவருக்குச் சொந்தக்காரர் என்று ஒருவரை மாதக் கூட்டத்தில் பேச விட்டோம். டீ வாங்கிக் கொடுத்தோம். கால் மணி நேரம் பேசினார். "ஒரு தடவை கட்டினா போதும். பேங்க் டெபாசிட் மாதிரிதான். அஞ்சு வருஷத்துல இரட்டிப்பு" என்றார். அந்த அக்கா கறவை மாடு விற்ற பணத்தோடு கையிருப்பையும் சேர்த்து 25,000 ரூபாய் கொடுத்தார். பாண்டு பேப்பர் தபாலில் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. மஞ்சள் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தார்.

அடுத்த வருடம் ஒரு கடிதம் வந்தது. இரண்டாம் தவணை 25,000 கட்டுங்கள் என்று. அப்போதுதான் தெரிந்தது, அது டெபாசிட் இல்லை, வருடா வருடம் கட்ட வேண்டிய காப்பீட்டு பாலிசி என்று. விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தால் அக்காவின் ஆண்டு வருமானம் 3 லட்சம் என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்து அக்காவுடையதுதான். அந்தக் காலத்து விதிப்படி மூன்று வருடமாவது கட்டியிருந்தால்தான் ஏதாவது திரும்பக் கிடைக்கும். பாலிசி வந்த 15 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பியிருந்தால் கிட்டத்தட்ட முழுப் பணமும் வந்திருக்கும். அதை யாரும் சொல்லவில்லை. பணம் போனது போனதுதான். அக்கா ஆறு மாதம் வீட்டில் வாய் திறக்கவில்லை.

நாங்கள் அந்த ஆளைத் தேடினோம். அவர் பெயரில் முகவர் உரிமமே இல்லை. உரிமம் வேறொருவர் பெயரில் இருந்தது. அவருக்காக இவர் ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார். அன்றைய தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினோம். "சேமிப்பு பற்றி ஒருவர் பேசினார்" என்று ஒரே ஒரு வரி. பெயர் இல்லை, எண் இல்லை, கம்பெனி இல்லை. கடன் தவணையில் ஒரு ரூபாய் குறைந்தாலும் எழுதி வைக்கிற நாம், அதை எழுதவில்லை. தப்பு அந்த ஆள் மேல் மட்டும் இல்லை. அவரை உள்ளே கூட்டி வந்து நாற்காலி போட்டது நாம்தான்.

அதனால்தான் இந்தப் பேச்சு.

ஊசி போட வருகிறவர் டாக்டரா என்று கேட்கிறோம். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேனின் டிரைவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்க்கிறோம். பண யோசனை சொல்கிறவருக்கு மட்டும் எதுவும் வேண்டாமா? இந்தக் கேள்வி மற்ற நாடுகளிலும் எழுந்தது. அமெரிக்காவில் 1969-ஆம் ஆண்டு டிசம்பரில், சிகாகோ நகரில் 13 பேர் கூடிப் பேசினார்கள். அப்போதெல்லாம் பாலிசி விற்பவர் பாலிசி மட்டும் விற்பார், பங்கு விற்பவர் பங்கு மட்டும் விற்பார். குடும்பத்தின் வரவு, செலவு, கடன், பிள்ளைகள் படிப்பு, வயதான காலம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து யோசனை சொல்கிறவர் வேண்டும், அவருக்கென்று ஒரு படிப்பும் தேர்வும் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 1973-இல் முதல் அணியாக 42 பேர் படித்து முடித்தார்கள். 'சான்று பெற்ற நிதித் திட்டமிடுநர்' என்ற பட்டம் அப்படித்தான் வந்தது. சுருக்கமாக சிஎஃப்பி என்பார்கள். இன்று இந்தியாவிலும் அந்தப் பட்டம் பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பட்டத்துக்கு நான்கு தூண்கள். படிப்பு, தேர்வு, அனுபவம், ஒழுக்க நெறி. முதல் மூன்றும் இருந்து நான்காவது இல்லாவிட்டால் பட்டத்தைப் பிடுங்கிவிடலாம். இதைக் கவனியுங்கள். சான்று கொடுப்பது ஒரு வேலை என்றால், தப்பு செய்தால் அதைத் திரும்ப வாங்குவது இன்னொரு வேலை. இரண்டும் இருந்தால்தான் அது சான்று. இல்லாவிட்டால் சுவரில் மாட்டும் படம்.

நம் நாட்டில் யார் யாருக்கு என்ன சான்று என்று இப்போது பார்ப்போம். நம் ஊருக்கு வருகிறவர்களை மட்டும் சொல்கிறோம்.

காப்பீட்டு முகவர்: பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். பயிற்சி எடுத்து, தேர்வு எழுதித் தேற வேண்டும். தேர்வைத் தமிழிலும் எழுதலாம். அவர் பெயரில் நியமனக் கடிதமும் அடையாள அட்டையும் இருக்கும். கேட்டால் காட்டியே ஆக வேண்டும். தனக்கு எவ்வளவு கமிஷன் என்று நாம் கேட்டால் சொல்ல வேண்டும் என்பதும் விதி. "முதல் தவணையில பாதியை நானே கட்டிடறேன் அக்கா" என்று ஆசை காட்டுவதை 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு தடுக்கிறது. காப்பீட்டுத் துறையைக் கண்காணிப்பது ஐஆர்டிஏஐ என்ற ஆணையம்.

மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்: என்ஐஎஸ்எம் என்ற நிறுவனம் நடத்தும் தேர்வில் தேறி, ஏஆர்என் என்ற எண் வாங்கியிருக்க வேண்டும். அது மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். அதனால் எண் மட்டும் பார்த்தால் போதாது, தேதியும் பார்க்க வேண்டும்.

முதலீட்டு ஆலோசகர்: நம்மிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு முதலீட்டுக்கு யோசனை சொல்கிறவர். 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி இவர் செபி அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் 'ஐஎன்ஏ' என்ற எழுத்துகளில் தொடங்கும். யோசனைக்குக் கட்டணம் வாங்கும் அதே குடும்பத்திடம் பொருளையும் விற்றுக் கமிஷன் வாங்கக் கூடாது. இவ்வளவு லாபம் நிச்சயம் என்று உத்தரவாதம் தரவும் கூடாது. 2020-இல் விதியை இன்னும் இறுக்கினார்கள். ஃபண்ட் விற்பவர்கள் தங்களை 'நிதி ஆலோசகர்' என்று அட்டையில் அச்சடித்துக்கொள்ளக் கூடாது என்றார்கள்.

சிறுசேமிப்பு முகவர்: அஞ்சலகத் தொடர் வைப்புக்கு மாதா மாதம் வீட்டுக்கு வந்து பணம் வாங்கும் பெண்கள். இவர்களுக்கும் அதிகாரச் சான்று உண்டு. பணம் வாங்கியதும் நம் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

சீட்டு நடத்துபவர்: 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி முன் அனுமதி வாங்கிச் சீட்டைப் பதிவு செய்ய வேண்டும். பெரிய போர்டு, ஏசி ஆபீஸ் இருப்பது பதிவு ஆகாது.

வங்கித் தொடர்பாளர்: கையில் சின்ன மெஷின் வைத்துக்கொண்டு பணம் போட, எடுக்க உதவுகிறாரே, அவர்தான். குழுப் பெண்களும் இந்த வேலைக்குப் போகிறார்கள். இந்திய வங்கியியல் மற்றும் நிதியியல் நிறுவனத்தின் தேர்வு எழுதித் தேறிய பிறகுதான் அவர்களுக்குச் சான்று கிடைக்கிறது. "நம்மால தேர்வு எழுத முடியுமா?" என்று பயந்தவர்கள்தான் இன்று வங்கி வேலையை ஊருக்குள்ளேயே செய்கிறார்கள்.

இதில் ஒரு முக்கியமான வித்தியாசம் புரிந்துகொள்ள வேண்டும். பயிருக்குப் பூச்சி விழுந்தால் உரக்கடையில் போய்க் கேட்கிறோம். கடைக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் கடையில் இருக்கிற மருந்தைத்தான் சொல்வார். வேளாண்மை அலுவலரைக் கேட்டால் "மருந்தே வேண்டாம்மா, தண்ணியை வடிச்சு விடுங்க" என்றும் சொல்வார். ஏனென்றால் மருந்து விற்றால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. முகவரும் விநியோகஸ்தரும் கடைக்காரர் மாதிரி. அவர்களுக்குக் கூலி கம்பெனியிலிருந்து வருகிறது. ஆலோசகர் அலுவலர் மாதிரி. ஆனால் அவருக்குக் கூலி நாம் கொடுக்க வேண்டும். யார் யாரிடம் கூலி வாங்குகிறார் என்று தெரிந்தால் பாதி விஷயம் தெளிந்துவிடும்.

"கட்டணம் கொடுத்து ஆலோசகர் வைக்க நமக்கு ஏது வசதி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் தேவைக்குப் பெரும்பாலும் அது வேண்டியதில்லை. வங்கிகள் நடத்தும் நிதிசார் கல்வி மையத்தில் இலவசமாகக் கேட்கலாம். வங்கிக் கிளையிலேயே வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும், வருடம் 436 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடும் இருக்கின்றன. முன்னது 18 முதல் 70 வயது வரை, பின்னது 18 முதல் 50 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். இரண்டும் சேர்த்து வருடத்துக்கு 456 ரூபாய். இதற்கு எந்த முகவரும் வேண்டாம். அந்த அக்காவுக்கு அன்று தேவைப்பட்டது ஒரு சின்னக் காப்பீடும், மாடு விற்ற பணத்துக்கு ஒரு வங்கி டெபாசிட்டும்தான்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறோம். சான்று இருக்கிறது என்பதாலேயே ஒருவர் நல்லவர் ஆகிவிட மாட்டார். லைசென்ஸ் வைத்திருப்பவரும் வண்டியை மோதத்தான் செய்கிறார். ஆனால் நம்பர் பிளேட் இருக்கிற வண்டி மோதினால் பிடிக்கலாம். இல்லாத வண்டி மோதினால் யாரைப் பிடிப்பது? சான்று என்பது அந்த நம்பர் பிளேட். அவருக்கு மேலே ஒரு இடம் இருக்கிறது, அங்கே போய் நாம் கேட்கலாம் என்று அர்த்தம்.

எனவே வங்கி நம்மிடம் பார்த்தது போல, நாமும் ஐந்து விஷயம் பார்ப்போம். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

1. உங்கள் பெயரில் உள்ள சான்றைக் காட்டுங்கள். எண் என்ன? எந்தத் தேதி வரை செல்லும்?

2. நான் சேர்ந்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? அதை யார் தருகிறார்கள்?

3. எவ்வளவு, எத்தனை வருடம் கட்ட வேண்டும்? நடுவில் நிறுத்தினால் கைக்கு எவ்வளவு வரும்?

4. பணம் யார் பெயருக்குப் போகிறது? கம்பெனி ரசீது எப்போது வரும்?

5. குறை இருந்தால் உங்களுக்கு மேலே யாரிடம் சொல்ல வேண்டும்?

இந்த ஐந்துக்கும் பதில் வராமல் கையெழுத்தும் இல்லை, கைநாட்டும் இல்லை. எழுதாத விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவது, வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். வருமானம், வயது, எத்தனை வருடத் தவணை என்ற மூன்று இடத்தையும் பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

"சொந்தக்காரங்ககிட்ட போய் நம்பரைக் கேட்டா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்க மாட்டாங்களா?" என்று போன மாதம் ஒரு அம்மா கேட்டார். கேட்பார்கள்தான். அதற்கும் வழி சொல்கிறோம். பழியை எங்கள் மேல் போடுங்கள். "நான் என்ன பண்றது தம்பி, கூட்டமைப்புல தீர்மானம் போட்டுட்டாங்க. எழுதி வைக்கலைன்னா எனக்குத்தான் அபராதம்" என்று சொல்லிவிடுங்கள். உண்மையான முகவர் கோபப்பட மாட்டார். வங்கி மேனேஜர் கேட்டபோது நாம் கோபப்பட்டோமா? கோபப்படுகிறார் என்றால் அப்போதே நமக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஏற்கனவே பணம் கட்டியவர்கள் கவனியுங்கள். காப்பீட்டு பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து வேண்டாமென்று திருப்புவதற்கு முன்பு 15 நாள் இருந்தது. 2024 முதல் 30 நாள். சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பும். ஆகவே பாண்டு வந்த அன்றே பெட்டிக்குள் வைக்காதீர்கள். குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம். 2024 அக்டோபரில் வந்த விதிப்படி, முதல் வருடத் தவணையை முழுதாகக் கட்டி ஒரு வருடம் முடிந்த பாலிசியை நிறுத்தினாலும் ஒரு தொகை கிடைக்க வழி உண்டு. 2012-இல் அது இல்லாமல் போனதுதான் நம் அக்காவின் துரதிர்ஷ்டம்.

புகார் சொல்ல வேண்டிய எண்களைத் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். காப்பீடு என்றால் 155255. பங்கு, மியூச்சுவல் ஃபண்ட், முதலீட்டு ஆலோசகர் என்றால் செபியின் 1800 266 7575. வங்கி சம்பந்தமான குறைகளுக்கு ரிசர்வ் வங்கியின் 14448. செல்போனில் ஆசை காட்டிப் பணம் பறித்தால் உடனே 1930. "அதிக வட்டி தர்றோம்" என்று டெபாசிட் வாங்கி ஏமாற்றினால் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு இருக்கிறது. அதற்கென்று தமிழ்நாட்டில் 1997-இலேயே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அனுமதியில்லாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்து 2019-இல் மத்திய அரசும் சட்டம் போட்டது. சட்டம் இருக்கிறது. ஆனால் ரசீதும் பெயரும் எண்ணும் இல்லாமல் போனால் சட்டம் எதைப் பிடித்துக்கொண்டு நமக்காகப் பேசும்?

கடைசியாக, நம் பெண் பிள்ளைகளைப் பற்றி. பத்தாவதும் பன்னிரண்டாவதும் முடித்து வீட்டில் இருக்கும் பெண்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். தேர்வு எழுதிச் சான்று வாங்கட்டும். வெளியிலிருந்து ஒருவர் வந்து நமக்குப் படித்துச் சொல்ல வேண்டும் என்ற நிலை மாறட்டும். நம் வீட்டுப் பெண் முகவராக வந்தாலும் இதே ஐந்து கேள்வியைத்தான் கேட்போம். அது அவளுக்கும் நல்லது.

இப்போது தீர்மானத்தை வாசிக்கிறோம்:

"நமது கூட்டமைப்பைச் சேர்ந்த எந்தக் குழுவின் கூட்டத்திலும், சேமிப்பு, காப்பீடு, சீட்டு, முதலீடு பற்றிப் பேச வருகிறவர் தம் பெயரில் உள்ள சான்றைக் காட்டிய பிறகே பேச அனுமதிக்கப்படுவார். அவர் பெயர், சான்று எண், காலாவதித் தேதி, நிறுவனம், அவர் சொன்ன திட்டத்தின் விவரம் ஆகியவை தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டு, அவரிடம் கையெழுத்து பெறப்படும். அன்றைய கூட்டத்திலேயே எந்த உறுப்பினரும் பணம் கொடுப்பதில்லை. அடுத்த கூட்டத்தில் பேசி முடிவெடுத்த பிறகே கொடுப்பது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

'ஏகமனதாக' என்று முன்கூட்டியே எழுதிவிட்டோம். கை தூக்குங்கள், அது உண்மையாகட்டும்.

முன்மொழிய யார் வருகிறீர்கள் என்று நேற்றே கேட்டோம். அந்த அக்காதான் முன்வந்தார். இதோ, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து வாங்கக்கா. நீங்க வாசிச்சு முதல் கையெழுத்துப் போடுங்க. நாங்க எல்லாரும் உங்களுக்குக் கீழே போடறோம்.